30 போடுவதா, 100 போடுவதா? மழைக்கு விழும் ஆர்.சி.சி.பி.யை என்ன செய்வது?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம் (ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் தரைக்குக் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் கருவி, எம்.சி.பி. என்பது லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழுவது; 30, 100 என்பவை ஆர்.சி.சி.பி. விழும் கசிவின் அளவு, மில்லி ஆம்பியரில்):

"எங்கள் வீடு அப்பா கட்டியது, முப்பது வருஷத்துப் பழைய ஒயரிங். போன வருஷம் மாடி எடுத்தோம். ஏசி வைத்ததால் த்ரீ ஃபேஸ் வாங்கினோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் புது டிபி பாக்ஸ் வைத்து, மொத்த வீட்டுக்கும் சேர்த்து 4 போல், 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டார். கோடை முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ராத்திரியில் விழ ஆரம்பித்தது. விழுந்தால் வீடே இருட்டு. ஃபிரிட்ஜில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, '30 ரொம்ப சென்சிட்டிவ்மா, 100 மாத்திடலாம்' என்றார். அதுவரைக்கும் டைரக்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எம்.சி.பி.தான் இருக்கிறதே, அது போதாதா? 100 வாங்கலாமா? கடையில் டைப் ஏசியா, டைப் ஏ-வா என்று கேட்கிறார்கள், எனக்குப் புரியவில்லை. இன்னொன்று: வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. புது ஆர்.சி.சி.பி. போட்டால் அது நின்றுவிடுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த டைரக்டை, அதாவது ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாமல் நேராகக் கொடுத்த இணைப்பை, எடுக்கச் சொல்லுங்கள். வாங்குவது, மாற்றுவது எல்லாம் அப்புறம். நாளைக் காலையிலேயே அண்ணனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை வாஷிங் மெஷினை ஓட்ட வேண்டாம். சுவிட்சை அணைத்து, காலில் செருப்போடு நின்று பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கீசரும் அணைந்தே இருக்கட்டும். மொட்டை மாடியில், வாசலில் இருக்கிற பிளக் பாயின்டுகளில் எதையும் செருக வேண்டாம்.

உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்தால், வீடு இருட்டாகக் கிடந்தால், ஃபிரிட்ஜில் மருந்து இருந்தால், வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் எந்த ஒயர்மேனுக்கும் தோன்றும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி டைரக்ட் கொடுத்திருக்கிறேன். 'ரெண்டு நாளில் வந்து பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு வருவோம். அந்த ரெண்டு நாள் மாசமாகும், அடுத்த மழையே வந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கோ 'நம்மிடம் ஆர்.சி.சி.பி. இருக்கிறது' என்ற தைரியம் அப்படியே இருக்கும். அதுதான் பயம்.

சரி, அந்தக் கருவி என்னதான் செய்கிறது? டெல்டாக்காரரான உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வாய்க்கால் தலைப்பில் விட்ட தண்ணீர் அத்தனையும் வயலுக்கு வந்து சேரவில்லை என்றால், வழியில் கரையில் எங்கோ நண்டு வளை இருக்கிறது என்று அர்த்தம். ஆர்.சி.சி.பி. அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. உள்ளே ஒரு வளையம் உண்டு. ஃபேஸ், நியூட்ரல் எல்லாம் அந்த வளையத்துக்குள் நுழைந்துதான் வீட்டுக்குள் போகின்றன. ஃபேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்பி வந்தால் வளையம் பேசாமல் இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், அந்தக் கொஞ்சம் வேறு வழியாகத் தரைக்குப் போகிறது என்று தெரிந்து லீவரைத் தட்டிவிடும். அந்த வேறு வழி ஈரச் சுவராக இருக்கலாம், கீசரின் உடம்பாக இருக்கலாம், ஒரு மனுஷராகவும் இருக்கலாம். எது என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

எம்.சி.பி.க்கு இந்தக் கணக்கே கிடையாது. எவ்வளவு போகிறது என்பதை மட்டும்தான் அது பார்க்கும். ஈரக் கையும் வெறுங்காலுமாக ஒருவர் ஃபேஸைத் தொட்டால் உடம்பு வழியாக ஏறக்குறைய 200 மில்லி ஆம்பியர் போகலாம். அதாவது 0.2 ஆம்பியர். உங்கள் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு டியூப்லைட் எரிவது மாதிரி. அது விழாது. ஒரு மணி நேரம் ஆனாலும் விழாது.

'எர்த் நன்றாக இருந்தால் எம்.சி.பி. விழுமே' என்று அண்ணன் சொல்லக்கூடும். பாதிதான் சரி. நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் எர்த் என்பது கொல்லையில் அடித்த ஒரு பைப்தான். அதன் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்று வையுங்கள். கோடையில் மண் காய்ந்தால் அதற்கு மேலேயே போகும். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்துக்கு ஒரு 2 ஓம் சேர்த்துக்கொள்ளுங்கள். கீசருக்குள் ஃபேஸ் உடம்பில் ஒட்டிக்கொண்டால் 230-ஐ 12-ஆல் வகுத்த 19 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. 19 ஆம்பியரைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்காக விழாமல் நிற்கக்கூடியது. 32 ஆம்பியர் மெயின் திரும்பியும் பார்க்காது. அத்தனை நேரமும் கீசரின் உடம்பில், குழாயில், 190 வோல்ட் இருக்கும். எர்த் இருந்தும், எம்.சி.பி. இருந்தும், குளிக்கப் போனவருக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான். அதே எர்த்தோடு ஓர் ஆர்.சி.சி.பி. இருந்தால், அந்த 19 ஆம்பியர் ஓட ஆரம்பித்த நொடியிலேயே விழுந்துவிடும், யாரும் தொடுவதற்கு முன்பே. எர்த் ஒன்று, எம்.சி.பி. ஒன்று, ஆர்.சி.சி.பி. ஒன்று. மூன்றும் வேண்டும்.

இனி 30-ஆ, 100-ஆ.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்றொரு பேராசிரியர் இருந்தார். தாமாக முன்வந்தவர்களின் கையில் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவில் பிடித்ததை விட முடியாமல் கை இறுகிவிடுகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் மூளை 'விடு' என்று சொன்னாலும் கை விடாது. இன்னும் கூடினால் மூச்சுத் தசைகள் இறுகும். அதையும் தாண்டி நீடித்தால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். வீட்டில் முதலுதவியால் அந்த நடுக்கத்தை நிறுத்துவது மிகவும் கடினம்.

30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் விழும். 15-க்குக் கீழே விழக்கூடாது, 30-ல் கட்டாயம் விழ வேண்டும் என்பது விதி. கசிவு 150 மில்லி ஆம்பியரோ அதற்கு மேலோ இருந்தால் 0.04 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். ஒரு இதயத் துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 நொடி ஆகிறது. அதில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான் இது. ஷாக் அடித்தது தெரியும், கையை உதறுவீர்கள், ஏணியில் நின்றால் கீழே விழவும் கூடும். ஆனால் இதயம் அந்த நடுக்கத்துக்குப் போவதற்கு முன்பே கரண்ட் நின்றிருக்கும்.

100 மில்லி ஆம்பியர் கருவியோ 50 வரைக்கும் விழவே கூடாது. 80 போனாலும் விழும் என்று சொல்ல முடியாது. ஒருவர் உடம்பில் 80 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கருவி, 'இன்னும் என் எல்லை வரவில்லை' என்று நிற்கலாம். அதனால் 100, 300 எல்லாம் ஒயர் கருகித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. ஆளைக் காப்பதற்கு 30 மட்டும்தான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் வீட்டு இணைப்புக்கு 30-ஐத்தான் உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. மின்வாரியமும் இந்தக் கருவியைப் பொருத்தச் சொல்லி நுகர்வோருக்கு அறிவித்திருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: 100 வேண்டாம், இருக்கிற 30-ஐ எது தட்டிவிடுகிறது என்று தேடுவோம்.

அந்தத் தேடலை ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

வழக்கமாக என்ன செய்வார்கள்? எல்லா எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போட்டுப் பார்ப்பார்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. நல்ல முறைதான், ஃபேஸில் கசிவு இருந்தால். ஆனால் வீட்டு எம்.சி.பி. பெரும்பாலும் சிங்கிள் போல். அது ஃபேஸை மட்டும் வெட்டும். நியூட்ரல் வெட்டுப்படாமல் அப்படியே ஓடும். கோளாறு நியூட்ரலில் இருந்தால் இந்த முறையில் அகப்படாது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டில் எனக்கு இது நன்றாகவே பாடம் ஆயிற்று. எல்லா எம்.சி.பி.யும் அணைந்திருக்கிறது, ஆர்.சி.சி.பி. மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. கருவியே போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கிப் போட்டிருந்தார்கள். அதுவும் விழுந்தது. நான் போனதும் மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் லிங்க்கில், அதாவது நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பட்டையில், இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாக ஸ்குரூவைத் தளர்த்தி வெளியே எடுத்து, எடுக்க எடுக்க மெயினைப் போட்டுப் பார்த்தேன். ஆறு ஒயர் வரைக்கும் விழுந்தது. ஏழாவதை எடுத்ததும் நின்றுவிட்டது. அது காம்பவுண்டு விளக்குக்குப் போகிற லைன். மதில் சுவரில், காகிதப்பூச் செடிக்குப் பின்னால், ஒரு இரும்பு ஜங்ஷன் பாக்ஸ். மூடியைக் கழற்றினால் உள்ளே முக்கால்வாசி எறும்பு மண், அடியில் மழைத் தண்ணீர். நியூட்ரல் ஜாயின்ட்டில் சுற்றியிருந்த டேப் பசை விட்டு வழுக்கிப்போய், செப்புக் கம்பி பாக்ஸின் உடம்பில் சாய்ந்து நின்றது. பாக்ஸில் எர்த் கொடுத்திருந்தார்கள். தெரு லைனிலிருந்து வருகிற நியூட்ரலில் எப்போதும் ஒன்றிரண்டு வோல்ட் இருக்கும். சாயங்காலம் ஊரில் லோடு ஏறினால் அதுவும் ஏறும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்ட அது போதும். ராத்திரியில் விழுந்ததன் ரகசியம் அதுதான். பிளாஸ்டிக் பாக்ஸ் ஒன்று, கனெக்டர் இரண்டு, அரை மணி நேர வேலை. அதற்குள் அந்த வீட்டில் இரண்டு கருவிகள் வாங்கியிருந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் மழை, ராத்திரி என்று எழுதியிருக்கிறீர்கள். மாடி எடுத்தபோது பழைய மொட்டை மாடி லைனை எங்கே கொண்டுபோய் முடித்தார்கள் என்று பாருங்கள். வாசல் காலிங் பெல் சுவிட்ச், கேட் விளக்கு, போர் மோட்டார் ஜாயின்ட், பழைய வீடும் புது மாடியும் சேரும் இடத்தில் சுவருக்குள் புதைந்த பைப். முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். இதைத் தவிர நான் அடிக்கடி பார்த்த இன்னொன்று, பழைய ஒயரிங்கில் ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்துபோனால் அவசரத்துக்கு எர்த்தையே நியூட்ரலாகப் பிடித்து ஒரு லைட்டை எரியவிட்டிருப்பார்கள். ஆர்.சி.சி.பி. வைத்த வீட்டில் அந்த சுவிட்சைப் போட்டதும் விழும்.

நியூட்ரலைக் கழற்றும் வேலையை நீங்கள் செய்யக் கூடாது. த்ரீ ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் கழன்ற நிலையில் கரண்ட் வந்தால், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் 300, 400 வோல்ட் கிடைத்துப் புகைந்துவிடும். உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்யட்டும். ஒயரின் இன்சுலேஷனை அளக்கிற மெக்கர் மீட்டர் வைத்திருப்பவரை அழைத்தால் இன்னும் நல்லது. கருவிகளின் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு, எல்.இ.டி. விளக்குகளையும் விலக்கிவிட்டு, 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனையும் எர்த்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற லைன் சரியில்லை. மழை பெய்த மறுநாள் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும்.

கோளாறு எந்த லைனில் என்று தெரிந்ததும், அதை உடனே சரிசெய்ய முடியாவிட்டால், அந்த ஒரு லைனின் ஃபேஸையும் நியூட்ரலையும் கழற்றி ஒதுக்கிவிட்டு மற்ற வீட்டுக்கு ஆர்.சி.சி.பி.யை மறுபடி சேர்த்துவிடலாம். கேட் விளக்கு நாலு நாள் எரியாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

இனி உங்களுடைய உண்மையான சிரமத்துக்கு வருகிறேன்: ஒன்று விழுந்தால் வீடே இருட்டாவது. கருவி செய்த தப்பு இல்லை அது. மொத்த வீட்டையும் ஒரே கருவியில் கட்டியதால் வந்தது. இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்யூட்டர், எல்.இ.டி. எல்லாவற்றிலும் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் ஒரு ஃபில்டர் உண்டு. கோளாறே இல்லாமல் ஒவ்வொன்றும் அரை, ஒரு மில்லி ஆம்பியரை எர்த்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து பத்தைத் தொட்டால், அப்புறம் சின்ன ஈரம் போதும், 15-ஐத் தாண்ட. அதனால் பிரிப்பதுதான் வழி. எண்ணைக் கூட்டுவது வழியில்லை.

கையில் பணம் இறுக்கமாக இருந்தால் முதல் கட்டமாக இவ்வளவு செய்யுங்கள்: கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, இருக்கிற 4 போல் கருவியையே சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்கு மட்டும் அதற்கு முன்னாலிருந்து தனி லைன் எடுத்து, ஓர் ஆர்.சி.பி.ஓ. போடுங்கள். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே உடம்பில் இருப்பதுதான் ஆர்.சி.பி.ஓ. 10 அல்லது 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர். அதன் பிறகு கேட் விளக்கில் தண்ணீர் புகுந்தாலும் அம்மாவின் இன்சுலின் குளிர்ச்சியாகவே இருக்கும்.

அடுத்த கட்டத்துக்கு, கடையில் 'பிபிஐ டிபி' என்று கேளுங்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனியாக 2 போல் ஆர்.சி.சி.பி.யும், தனித்தனி நியூட்ரல் லிங்க்கும் வைக்க இடம் விட்ட பெட்டி அது. மூன்றிலும் 2 போல், 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர். நான் உங்கள் வீட்டுக்கு இப்படிப் பிரிப்பேன்: மழையில் நனையக்கூடிய எல்லாம் ஒன்றில், அதாவது போர் மோட்டார், கேட், மொட்டை மாடி, காலிங் பெல். சமையலறை, கீசர், வாஷிங் மெஷின் ஒன்றில். மாடியும் ஏசியும் ஒன்றில். மழைக்கு விழுந்தால் முதலாவது மட்டும் விழும். நீங்கள் தூங்கலாம்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு. ஒரு கருவி வழியாகப் போன ஃபேஸின் நியூட்ரல் அதே கருவி வழியாகத்தான் திரும்ப வேண்டும். எல்லா நியூட்ரலையும் ஒரே லிங்க்கில் முறுக்கினால் மூன்றும் மாறி மாறி விழும், பழி கருவி மேல் வரும். பழைய வீட்டில் மாடிப்படி விளக்குக்கு ஃபேஸ் ஒரு ரூமிலிருந்தும் நியூட்ரல் இன்னொரு ரூமிலிருந்தும் எடுத்திருப்பார்கள். அதைத் தேடிப் பிரிக்க ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

கருவி மேல் இரண்டு எண்கள் இருப்பதால் கடையில் குழப்பம் வருகிறது. 40 ஆம்பியர் என்பது அது தாங்கக்கூடிய லோடு. 30 மில்லி ஆம்பியர், சிலவற்றில் 0.03 என்று அச்சடித்திருக்கும், அதுதான் விழும் அளவு. லோடு கூடினால் ஆர்.சி.சி.பி. தானாக விழாது, கருகத்தான் செய்யும். எனவே அதற்கு முன்னால் இருக்கிற எம்.சி.பி. அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. 32 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பின்னால் 25 ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுவது தப்பு, 40 சரி.

டைப் ஏசிக்கும் வீட்டு ஏசிக்கும் சம்பந்தம் இல்லை, பெயர்தான் ஒன்று. டைப் ஏசி கருவிக்குச் சுத்தமான அலைவடிவக் கசிவு மட்டும்தான் தெரியும். பழைய காலத்து பல்பு, ஃபேன், காயில் ஹீட்டருக்கு அது போதும். இப்போது வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி, இண்டக்ஷன் அடுப்பு எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அதிலிருந்து கசியும் கரண்ட் பாதி அலையாக வெட்டுப்பட்டு வரும். டைப் ஏசி அதை உணராமலே போகலாம். டைப் ஏ இரண்டையும் உணரும். ஜெர்மனியில் டைப் ஏசியை இந்தப் பாதுகாப்புக்கு ஏற்பதில்லை. இங்கிலாந்தின் 2022 திருத்த விதிகளும் அதை மிகவும் சுருக்கிவிட்டன. நம் கடைகளில் கேட்காமல் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஏசிதான். நீங்கள் 'ஏ' என்று கேட்டு வாங்குங்கள். முகப்பில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் வெறும் அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி, அலைக்கோட்டுக்குக் கீழே அரை வட்ட மேடுகளும் இருந்தால் ஏ. கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் இருக்க வேண்டும். பின்னால் சோலார் வைத்தாலோ, கார் சார்ஜர் வைத்தாலோ டைப் பி தேவைப்படலாம், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மெயினில் ஒரு 4 போல், 300 மில்லி ஆம்பியர், 'எஸ்' என்று குறித்த கருவியும் வைத்தால் நல்லது. அது வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து விழும், கீழே உள்ள 30-க்கு முதல் வாய்ப்புக் கொடுக்கும். டிபிக்கு முன்னால் இருக்கும் ஒயரில் கசிந்து தீப்பிடிப்பதைத் தடுக்கும். ஆனால் இது 30-க்குக் கூடுதலாகத்தான், மாற்றாக இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கிறதா? இருக்கும், உங்கள் பக்கம் இல்லாத வீடு குறைவு. கரண்ட் போன நேரத்தில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் கரண்ட் கொடுப்பது அதுதான். மெயின் ஆர்.சி.சி.பி. அந்த நேரத்தில் காப்பாற்றுமா என்பது இன்வெர்ட்டரின் உள்ளமைப்பைப் பொறுத்தது, நம்பி இருக்க முடியாது. அதனால் இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருகிற லைனில் தனியாக 2 போல், 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஒன்று வையுங்கள். அந்த லைட், ஃபேன்களின் நியூட்ரலும் தனியாக அதன் வழியாகவே திரும்ப வேண்டும். இன்வெர்ட்டர் வீடுகளில் காரணமில்லாமல் விழுகிறது என்று வரும் புகாரில் முக்கால்வாசி, நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு கலந்துவிட்டதால் வருவது.

கடைசியாக வாஷிங் மெஷின். புது ஆர்.சி.சி.பி. போட்டால் அந்த சுர் நிற்காது. நான் மேலே சொன்ன ஃபில்டர் கசிவு எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் அறுந்திருந்தால் மெஷினின் உடம்பு பாதி வோல்ட்டேஜில் மிதந்துகொண்டிருக்கும். நீங்கள் தொட்டால் உங்கள் வழியாகப் போகும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆர்.சி.சி.பி. விழாது. அந்த சுர் உங்களுக்குச் சொல்வது, அந்த பிளக் பாயின்டில் எர்த் இல்லை என்பதை. நாளைக்கு மோட்டார் உள்ளேயே நனைந்து ஃபேஸ் உடம்பில் ஏறினால், தொட்டவர் உடம்பு வழியாக மட்டும்தான் கசிவு போகும். எர்த் இருந்தால் யாரும் தொடாமலே கருவி விழுந்திருக்கும். அந்த பாயின்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சை ஒயர் பாக்ஸுக்குள் வெட்டிச் சுருட்டி விட்டிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். டூ பின் அடாப்டரில் செருகியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். கீசர் பாயின்டையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கருவியில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். எல்லாம் முடிந்ததும் மாசம் ஒரு முறை அதை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் கருவி போய்விட்டது, மாற்றுங்கள். ஆனால் அந்தப் பொத்தான் கருவியை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும், எனவே எர்த்தைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

மெக்கர் வைத்ததும் ஒவ்வொரு லைனுக்கும் வந்த அளவையும், எர்த் பிட்டில் எத்தனை ஓம் காட்டியது என்பதையும், அந்த வாஷிங் மெஷின் பாயின்டில் என்ன இருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். கருவிகளை அதன் பிறகு வாங்கினால் போதும். எந்த லைனை எதில் சேர்ப்பது என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.